கண்டேன் என்று சொல்ல ஓர் ஆள்

தோட்டத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளா. காலையில் ஆள் நேரே வந்து நின்றால்தான் பேர் போடுவார்கள். காய்ச்சல், பிள்ளைக்கு முடியவில்லை, எதைச் சொன்னாலும் சரி, முகத்தைக் காட்டாத ஆளுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் இரக்கமுள்ள கணக்கப்பிள்ளை ஒருத்தர் இருப்பார். ‘பாவம், புருஷன் ஆஸ்பத்திரியில கெடக்கான், அவ எங்க வரப்போறா’ என்று வராத ஆளுக்கும் சத்தமில்லாமல் பேரைப் போட்டுவிடுவார். யாருக்கும் கெடுதல் இல்லாத நல்ல காரியம் என்றுதான் நாமும் நினைப்போம்.

கிருஷாந்தியின் கதை அப்படி ஒரு நல்ல காரியத்தில் தொடங்கியது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட கதை என்று பயந்து எழுந்து போய்விடாதீர்கள். எனக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காதா?

இறம்பொடைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பிரா ஒன்று இருக்கிறது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடமாக இருந்தது. புதியது கட்டியபிறகு பூட்டிக் கிடந்ததைக் கிருஷாந்திதான் கேட்டு வாங்கி, கொழும்பில் கம்பனிகள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். அந்தப் பழசுகளில் காசு கொடுத்து வாங்குகிற எதுவும் ஓடாது. ஃபெர்ன் ஓடும்.

கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, திரையைக் காட்டி, சொன்ன வேலையைச் செய்யவைக்கிற அடிப்படை ஒன்று வேண்டுமல்லவா? அதைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்கள். ஃபெர்ன் அப்படி ஒன்று. விலை கிடையாது, முதலாளி கிடையாது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு துண்டாகச் செய்து, உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தது. தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் யாரும் நடாமலே முளைத்து நிற்குமே, அந்தச் செடியின் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதில் கிருஷாந்தியின் துண்டு, தமிழ். திரையில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் அவள்தான் தமிழில் போட்டாள். படுக்கையில் கிடந்த அம்மா அழகம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காகச் செய்தாள். முதலில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவரும் கூட இருந்தார். அவர் கனடா போய் விலகிவிட்டார். பிறகு இவள் ஒருத்திதான்.

இனி, சாவி. இது இரும்புச் சாவி இல்லை. லேப்டாப்புக்குள் இருக்கிற ஓர் இரகசியம். கிருஷாந்தி தன் வேலையை அனுப்பும்போது அந்தச் சாவியால் ஒரு முத்திரை வைப்பாள். முத்திரை இல்லாத எதையும் ஃபெர்ன் ஏற்காது. யாரோ ஒருவன் விஷத்தைக் கலந்து அனுப்பினால் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் முதற்கொண்டு எல்லாம் கெட்டுப்போகுமே, அந்தப் பயம்.

அப்படியானால் அந்தச் சாவி கிருஷாந்தியுடையதுதான் என்று யார் சொல்வது? இதற்காகத்தான் அவர்கள் வருஷா வருஷம் ஓர் ஊரில் கூடுகிறார்கள். பேச்சு, சாப்பாடு, சிரிப்பு எல்லாம் உண்டு. ஆனால் முக்கியமான காரியம் வேறு. இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். ஆளுக்கு ஆள் அடையாள அட்டையை நீட்டுவார்கள். அட்டையைப் பார், முகத்தைப் பார், சரி என்றால் இந்தச் சாவி இவருடையதுதான் என்று கையெழுத்துப் போடு, அடுத்தவருக்கு நகர். நம்முடைய பெரட்டேதான். அவர்களுக்கு இரண்டே கட்டளை: பார்க்காத ஆளுக்குக் கையெழுத்துப் போடாதே, படிக்காத வேலைக்கும் போடாதே.

சில வருஷத்துக்கு முன் ஹட்டனில் கூடினார்கள். கிருஷாந்தி புதுச் சேலை எடுத்து வைத்திருந்தாள். கிளம்புகிற காலையில் அழகம்மா மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். கிருஷாந்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் அழுதாள். மறுமுனையில் இருந்தவன் அன்டன், அவளைப்போலவே ஃபெர்னில் ஒரு துண்டைச் செய்கிறவன். ராகலைத் தோட்டத்துக் குடும்பம், இவன் பிறக்குமுன்பே வத்தளைக்குப் போய்விட்டது. சிங்களத்தில் படித்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது.

“அழாதீங்க தங்கச்சி,” என்றான். “ஒங்க ஐடென்டி நம்பரச் சொல்லுங்க. ஒங்கள எனக்குத் தெரியாதா? ஹட்டன்ல பார்த்தேன்னு போட்டுர்றேன்.”

போட்டுவிட்டான். அதன்பிறகு அம்மா எழுந்திருக்கவில்லை, இவள் ஒரு கூடலுக்கும் போகவில்லை. வேலையால் எல்லாருக்கும் இவளைத் தெரியும். முகத்தை ஒருவரும் கண்டதில்லை.

போன மழையில் மலை இறங்கியது.

அதைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். கிருஷாந்தி அப்போது பிள்ளைக்காம்பிராவில் மழை ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தபோது அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் நின்ற இடத்தில் லயம் இல்லை. அம்மா, லேப்டாப், சாவியின் நகலைப் போட்டு வைத்திருந்த பென்ட்ரைவ், டிரங்குப்பெட்டியில் இருந்த அடையாள அட்டை, எல்லாம் மண்ணுக்குள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். துணியை விலக்கிக் காட்டினார்கள். மண் முகத்தை விட்டுவைக்கவில்லை.

“ஒங்க அம்மாதானே? சைன் வைங்க, கொண்டுபோய் அடக்கம் பண்ணலாம்,” என்றார் அங்கிருந்தவர். தன்மையாகத்தான் சொன்னார்.

கூடப் போயிருந்த பக்கத்துக் காம்பிரா வீரம்மா அழுதுகொண்டே, “அழகம்மாதாண்டி. வளவியப் பாரு!” என்றாள்.

பச்சைக் கண்ணாடி வளையல். தேர்த் திருவிழாவில் அந்த லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே கடையில் வாங்கியது. அந்த லயத்தில் எத்தனை பெண்களைக் காணவில்லை!

கிருஷாந்தி நீண்ட நேரம் பார்த்தாள். “என்னால சொல்ல முடியல,” என்றாள். “அம்மாவா இருக்கலாம். கண்டேன்னு சொல்ல முடியல.”

சைன் வைக்கவில்லை. இரத்தம் எடுத்துக்கொண்டு, கொழும்பில் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு வரும் என்றார்கள். வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த முகாமுக்குத் திரும்பி வந்தபோது வீரம்மா முகத்துக்கு நேரே கேட்டாள். “பெத்த தாய ஐஸ்பெட்டியில போட்டுட்டு வந்திருக்கியே, ஒனக்கென்ன நெஞ்சா, கருங்கல்லா?” கிருஷாந்தி, அம்மா செத்தாள் என்று அழவும் முடியாமல், இருக்கிறாள் என்று தேடவும் முடியாமல், பள்ளிக்கூட முகாமில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம்தான் ஃபெர்னின் புதுப் பதிப்பு வருகிற காலம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். சாவி உள்ள ஒருவர் பொறுப்பில் இல்லாத மொழியைப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது அவர்கள் எல்லா மொழிக்கும் வைத்த சட்டம். கிருஷாந்தி இரவல் வாங்கிய லேப்டாப்பில் தமிழ் வேலையை முடித்து அனுப்பினாள். முத்திரை இல்லாமல் அது வாசலிலேயே நின்றது. புதுச் சாவி செய்தாள். அது அவளுடையதுதான் என்று சொல்ல யாருமில்லை. வீடியோவில் முகம் காட்டுகிறேன் என்றாள். வீடியோவில் இந்தக் காலத்தில் யார் முகத்தை யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், அதனால் செல்லாது என்றார்கள். புது அட்டைக்கு எழுதிக்கொடுத்திருந்தாள், வரவில்லை.

கூடல் இந்தமுறை நுவரெலியாவில். கடைசி நாள் ஞாயிறு. அன்று மாலையோடு பதிப்பு அடைபடும். கிருஷாந்தி நிவாரணத்தில் கிடைத்த பெரிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இவள் இன்னார் என்று கிராம சேவகர் எழுதிக்கொடுத்த கடுதாசியை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

“என் பேர்ல மிச்சம் இருக்கிறது அந்தத் தமிழ் ஒண்ணுதான் மாமி,” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மண்டப வாசலில் பேர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தவள் யூஜினா. ஹட்டனில் டீச்சர். ஃபெர்னுக்குப் புதியவள், இன்னும் சாவி இல்லை.

“பேர் சொல்லுங்க.”

“கிருஷாந்தி.”

யூஜினா எழுந்தே விட்டாள். “தமிழ் கிருஷாந்தியா? ஐயோ அக்கா, நீங்கதானா அது! ஒங்க மேல எனக்குப் பெரிய கோவம் இருக்கு தெரியுமா? ‘கோப்பைத் திற’ன்னு போட்டீங்களே, எங்க ஸ்கூல் பிள்ளைங்க டீக் கோப்பை எங்கேன்னு மேசைக்குக் கீழ தேடுச்சுங்க!”

மழைக்குப்பிறகு கிருஷாந்தி முதன்முறையாகச் சிரித்தது அங்கேதான்.

உள்ளே வரிசை தொடங்கியிருந்தது. கொழும்புப் பையன்கள், கேரளத்துப் பெண் ஒருத்தி, குளிருக்குக் காதை மூடிய ஜப்பான்காரர், ஆளுக்கு ஆள் அட்டையும் பாஸ்போட்டும் கையிலிருந்தது. கிருஷாந்தி ஒரு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். எதிரே வந்த முதல் ஆளிடம் கடுதாசியை நீட்டினாள். அவர் பார்த்தார். படம் இல்லை. முகத்தைப் பார்த்தார். “சொரி,” என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் வந்தார். அவரும் பார்த்தார், நகர்ந்தார். ஜப்பான்காரர் குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார். கேரளத்துப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு, “ஞான் தாங்களுடெ மொழிமாற்றம் கண்டிட்டுண்டு,” என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு, அவளும் நகர்ந்தாள். ஒருவரும் கெட்டவர் இல்லை, பிள்ளைகளா. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் போனது. ஏசினால்கூடத் திருப்பி ஏசலாம்.

வரிசை முடிந்ததும் மிலான் வந்தான். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, இந்தப் பதிப்புக்குப் பொறுப்பானவன். அவளோடு வருஷக்கணக்காக எழுதிப் பேசியவன்தான்.

“நங்கி,” என்று தங்கச்சியைச் சிங்களத்தில் கூப்பிட்டுவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னான். “எனக்குத் தெரியும் இது நீங்கதான். ஆனா நான் அப்பிடிப் போட ஏலாது.” பிறகு சிங்களத்தில் சொன்னான்: பழைய சாவிக்குக் கையெழுத்துப் போட்ட ஆள் வந்து, அன்று நேரில் பார்த்த அதே முகம் இதுதான் என்று எல்லார் முன்னும் சொன்னால் போதும். அட்டை தேவையில்லை. சாவியைத் தொலைத்தவர்களுக்கு அப்படி ஒரு வழி வைத்திருக்கிறோம்.

“யாரு போட்டது?”

“அன்டன்,” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மிலானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அன்டன் வாறார்தானே! அப்ப சரி.”

அன்டன் வந்துகொண்டுதான் இருந்தான். ரயில் இன்னும் ஓடவில்லை. கண்டி ரோட்டில் மண் சரிந்த இடத்தில் ஒரு பக்கமாகத்தான் வண்டி விட்டார்கள். கிருஷாந்தி போன் எடுத்தாள். “புசல்லாவை தாண்டி நிக்குது தங்கச்சி. முன்னால லொறி ஒண்ணு எறங்கிக் கெடக்கு.” மறுபடி எடுத்தாள். “இன்னும் அங்கதான்.” மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போனார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, பனிக்குள்ளிருந்து வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்தாள். அவன் வரவேண்டும் என்று கும்பிட்டாள். வந்து பொய் சொல்லவேண்டும் என்றும் கும்பிட்டாள். எந்தச் சாமியிடம் அப்படிக் கேட்பது என்று தெரியாமல், எல்லாச் சாமியிடமும் கேட்டாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது, தோளில் பையும் சேறு அப்பிய சப்பாத்துமாக ஒருவன் ஓடிவந்தான். படியில் இருந்தவளைத் தாண்டி உள்ளே போனான். திரும்பி வந்து மூச்சுவாங்கக் கேட்டான்:

“தங்கச்சி, கிருஷாந்தின்னு ஒருத்தவங்க இங்க வந்திருக்காங்களா? கண்டீங்களா?”

அவள் கழுத்து அட்டை மறுபக்கம் திரும்பியிருந்தது. அதைத் திருப்பிக் காட்டினாள்.

அவன் பையைக் கீழே வைத்தான். பிறகு, “அம்மா?” என்றான்.

“இன்னும் முடிவு வரல அண்ணா.”

டீ ஊற்றுகிற மூலையில் போய் நின்றார்கள். அவன் ஒரு கோப்பை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

“நீங்களே என் வேலைக்கு முத்திரை வைக்க முடியாதா அண்ணா? நான் வாசிச்சுக் காட்டுறேன்.”

“நீங்க வாசிச்சா நான் படிச்சதாகுமா? எனக்கு ‘அ’னாகூடத் தெரியாதேம்மா.” சிரிக்கப்பார்த்தான், முடியவில்லை. “அத விடுங்க. நான் சொல்லிர்றேன். ஹட்டன்ல பார்த்தேன், இவங்கதான்னு. அன்னைக்கு எழுதினத இன்னைக்கு வாயால சொல்லணும், அவ்வளவுதானே?”

“சொல்லுங்க அண்ணா.”

“பொய்தான்.”

“அன்னைக்கும் பொய்தானே? அதுக்கு மேல என்ன கூடிரப்போவுது?” என்றாள் கிருஷாந்தி. “என் மெஷின்ல பிள்ளைங்க உக்காந்திருக்கும். நாளைக்குக் காலையில தமிழ் போயிரும். நான் என்னன்னு சொல்லுவேன்? சொல்லுங்க அண்ணா, கும்புடுறேன்.”

உள்ளே போனார்கள்.

இருந்தவர்கள் எல்லாரும் வட்டமாகக் கூடினார்கள். மிலான் லேப்டாப்போடு மேசையில் உட்கார்ந்தான். யூஜினா தன்னுடைய ஐடென்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். அடுத்து அன்டன்தான் அவளுக்கும் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

“அன்டன், இவங்கள முந்தி நேர்ல கண்டதா?”

“கண்டேன்.” குரல் தெளிவாக இருந்தது. “ஹட்டன்ல. இவங்கதான்.”

கைதட்டப் போனார்கள். மிலான் கையைத் தூக்கினான். சட்டப்படி இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். அது வெறும் சம்பிரதாயம் என்பதுபோல, சிரித்துக்கொண்டே, விரலை விசைமேல் வைத்துக்கொண்டு கேட்டான்:

“நங்கி, நீங்களும் சொல்லணும். அன்டன் ஒங்கள ஹட்டன்ல கண்டதா?”

கிருஷாந்தி வாயைத் திறந்தாள்.

ஆமாம் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை! அதைச் சொல்லத்தான் அவள் மலையேறி வந்தாள். ஆனால் அந்த வார்த்தை நாக்குக்கு வந்தபோது கூடவே அந்தத் துணியும் வந்தது, துணிக்கு வெளியே கிடந்த கையும் பச்சை வளையலும் வந்தன. சைன் வைங்க, கொண்டுபோகலாம் என்றாரே. அங்கே ஒரு ஆமாம் சொல்லியிருந்தால் அம்மா இத்தனை நாள் குளிரில் கிடந்திருக்கமாட்டாள். ஊர் ஏசியிருக்காது. காணாததைக் கண்டேன் என்று இங்கே சொல்லமுடியுமென்றால், அங்கே ஏன் சொல்லவில்லை? இவ்வளவு லேசான காரியத்துக்கா தாயை விட்டுவிட்டு வந்தேன்?

“இல்ல,” என்றாள்.

மிலானுக்குப் புரியவில்லை. “என்ன?”

“இல்ல. நான் ஹட்டனுக்குப் போகல. அம்மா விழுந்துட்டாங்க. அண்ணன் என்மேல எரக்கப்பட்டுப் போட்டாரு. என்னை இவரு இன்னைக்குத்தான் பார்க்கிறாரு.”

மண்டபத்துக் கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது. அன்டன் அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்தான். “ஆமா,” என்றான். “தங்கச்சி சொல்றதுதான் உண்மை.”

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. அன்டனின் சாவியை நிறுத்திவைத்தார்கள். அவன் கையெழுத்துப் போட்ட எல்லாரையும் மறுபடி பார்க்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அவர்களில் சிலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மிலான் தமிழைப் பதிப்பிலிருந்து எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டான். முடித்துவிட்டு அவள் முன்னால் வந்து, வரிசையில் நிற்பதுபோல நேரே நின்று, முகத்தை நன்றாகப் பார்த்தான்.

“மம தெக்கா,” என்றான். “நான் கண்டாச்சு. கார்டு வந்த உடனே ஒரு கோல் எடுங்க. எங்க இருந்தாலும் நான் வாறேன்.”

அவன் வருவான். ஆனால் பதிப்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதானே?

யூஜினாதான் வெடித்தாள். “என்ன அக்கா இப்பிடிச் செஞ்சிட்டீங்க? வாய மூடிட்டு ‘ம்’முன்னிருந்தாப் போதுமே! ரெண்டு பேரும் போய்ட்டீங்க, தமிழும் போச்சு. நான் எங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்லயா சொல்லிக் கொடுக்க?” சொல்லிவிட்டு அவளே கிருஷாந்தியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அன்று யூஜினாவின் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டில்தான் கிருஷாந்தி தங்கினாள்.

காலையில் நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் அன்டன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் அதே ரோடுதான். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். கிருஷாந்திதான் முதலில் பேசினாள்.

“ஒங்களையும் கெடுத்துட்டேன்.”

“நான் கெட்டது அன்னைக்கே. நீங்க இப்பதான் சொன்னீங்க.” டிக்கட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “ஆனா நேத்து எனக்கு ஒங்க மேல கோவம் வந்துச்சு, பொய் சொல்லமாட்டேன்.”

“பொய் சொன்னா மட்டும் என்ன? நான்தான் காட்டிக் கொடுத்துர்றேனே,” என்றாள். அதற்கு அவன் சிரித்துவிட்டான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இறம்பொடைக்கு இறங்குகிற வளைவில், மலையில் செம்மண் பிளந்து கிடந்த இடத்தைக் கிருஷாந்தி ஜன்னல் வழியாகக் காட்டினாள். “அங்கதான் எங்க லயம்.” அவன் எழுந்து நின்று, பஸ் திரும்பி மறையும்வரை பார்த்தான். கண்டிக்கு டிக்கட் எடுத்தவன், அவள் இறங்கிய இடத்திலேயே இறங்கிவிட்டான்.

பிள்ளைக்காம்பிராவில் வீரம்மா கதவைத் திறந்து வைத்திருந்தாள். முகாமில் இருக்கிற பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். புத்தகமெல்லாம் மண்ணில் போனதால், மெஷினுக்குள் ஏற்றி வைத்திருந்த பாடங்களைத்தான் பார்த்தார்கள். பெரியவர்களும் இருந்தார்கள், வீடு தருவார்களா என்ற செய்தி தேடி. எல்லாத் திரையிலும் தமிழ். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்னப் பெட்டி தோன்றியிருந்தது: ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது.’ அந்தச் சொற்களும் கிருஷாந்தி போட்டவைதான்.

நான் அப்போது அங்கே இருந்தேன். அவள் எங்களுக்கு விளங்கும்படி சொன்னாள். புதியதை ஏற்றினால் தமிழ் போய்விடும். கையால் தமிழைத் திணிக்கலாமென்றால், முத்திரை இல்லாத எதையும் ஏற்காதே என்று அவளே சொல்லிவைத்த மெஷின்கள் அவை. அந்தப் பூட்டை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. புதியதை ஏற்றாமல் பழையதிலேயே இருக்கலாம். ஆனால் பழையதைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியுலகத்தோடு பேசினால், நாளாக ஆகக் களவு புகுந்துவிடும். தமிழ் வேண்டுமென்றால் வெளியே போகிற இன்டர்நெட் வயரைக் கழற்றவேண்டும். வயர் வேண்டுமென்றால் தமிழை விடவேண்டும்.

“அப்ப வீட்டு விஷயம் வந்தா எப்பிடித் தெரியும்?” என்று வீரம்மா கேட்டாள்.

“ஒரு மெஷின்ல மட்டும் புதுசப் போட்டு வைக்கிறேன் அக்கா. அதுல இங்கிலீஷ்லயும் சிங்களத்துலயும் வரும். நான் வாசிச்சுச் சொல்றேன்.”

“நீ இல்லாத அன்னைக்கு?”

கிருஷாந்தி சுவரோரம் போய், மற்ற எல்லா மெஷினுக்கும் போகிற வயரைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். அந்த வயரை இழுத்துவர அவள் எத்தனை பேரிடம் நடந்தாள் என்று எங்களுக்குத் தெரியும்.

“அண்ணா,” என்றாள், திரும்பாமலே. “நீங்க கழட்டுங்க. என் கையால முடியல.”

அன்டன் போய் மண்டியிட்டு உட்கார்ந்து கழற்றினான். ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது. திரைகளில் ஓரத்தில் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பாடம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிரவே இல்லை.

அவன் அந்த வயரைச் சுருட்டி, பெட்டிக்குள் வைக்கப் போனான்.

“உள்ள வைக்காதீங்க,” என்றாள் கிருஷாந்தி. “அந்த ஆணியில மாட்டுங்க. கார்டு வந்தா ஒடனே எடுக்கணும்ல?”

மாட்டினான். முன்பு தாய்மார் தொட்டில் கட்டுகிற கயிற்றை மாட்டிவைத்த ஆணி அது. வீரம்மா கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிருஷாந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்குப் பிறகு அவள் இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை.

“ஆஸ்பத்திரியில இருந்து சேதி வந்துச்சாடி?”

“இல்லக்கா.”

“வரும்,” என்றாள் வீரம்மா. “வரட்டும். நாம அவசரப்பட வேணாம்.”